முதலைக்குக் கிட்டத்துச் சொந்தம் யார்? உயிர்களின் பாகுபாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயிரியல் படிக்கும் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பரீட்சைக்கு இது கொஞ்சம் உதவும். பரீட்சைக்கு வெளியே கூடுதலாக உதவும். கலைச்சொற்கள் இலங்கைப் பாடநூல் வழக்கில் உள்ளவை. கையில் இந்தியப் புத்தகம் இருந்தால் கணத்தைத் தொகுதி என்றும், வருணத்தை வரிசை என்றும், சாதியைப் பேரினம் என்றும், இனத்தைச் சிற்றினம் என்றும், கூர்ப்பைப் பரிணாமம் என்றும் மாற்றி வாசியுங்கள்.

உயிர்களைப் பாகுபடுத்தி என்ன ஆகப்போகிறது? ஆளுக்கொரு பெயர் வைத்தால் போதாதா?

போதாது. பெயர் ஒன்றை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். அது யாருடைய கூட்டம் என்று தெரிந்தால், அதில் இன்னும் சோதித்துப் பார்க்காத விஷயங்களையும் ஓரளவு ஊகிக்கலாம். கூட்டத்தைத் தப்பாகப் பிடித்தால் ஊகமும் தப்பும்.

பாம்புக்கடியைப் பாருங்கள். நமது ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டது. சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சிறிய பாம்பு, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த கூன்மூக்கு விரியன், கண்ணாடி விரியனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் சாதி வேறு. அந்த மருந்து இதன் விஷத்துக்கு வேலை செய்வதில்லை. அந்தச் சாதிக்குள்ளும் இலங்கையில் மூன்று இனங்கள் உண்டு என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு பிரித்துக் காட்டியது. கடித்தது "ஏதோ விரியன்" என்று சொல்லி ஆளைக் கொண்டுவந்தால் வைத்தியருக்கு அது பாதித் தகவல்கூட இல்லை.

இராச்சியம், கணம், வகுப்பு என்று போகும் அடுக்கை ஒரே உதாரணத்தில் சொல்ல முடியுமா?

முடியும். மதிய நேரத்தில் உங்கள் குசினி ஜன்னலில் வந்து உட்காரும் காகத்தையே எடுத்துக்கொள்வோம். பேரிராச்சியம் இயூகரியா, அதாவது கருவுள்ள கலங்களைக் கொண்டவை. இராச்சியம் விலங்கு. கணம் கோர்டேட்டா, முள்ளந்தண்டுள்ள எல்லாமே இதற்குள் வந்துவிடும், நாமும்தான். வகுப்பு பறவைகள். வருணம் பசரிபோர்மிஸ், குருவி, மைனா, தேன்சிட்டு எல்லாம் காகத்தோடு இங்கே இருக்கின்றன. குடும்பம் கோர்விடே. சாதி கோர்வஸ். கடைசியில் இனம், கோர்வஸ் ஸ்பிளென்டென்ஸ். இந்தப் பெயரை 1817இல் வைத்தவர் வியெய்யோ என்ற பிரெஞ்சுக்காரர்.

கழுத்தில் சாம்பல் நிறம் இல்லாமல் முழுக் கறுப்பாக, தடித்த அலகோடு சில காகங்கள் வருமே, அவை அண்டங்காக்கைகள். அவையும் கோர்வஸ் சாதிதான், இனம் வேறு. ஆனால் எந்த இனம்? சில பட்டியல்கள் அதைக் கோர்வஸ் குல்மினேட்டஸ் என்று தனி இனமாக வைக்கின்றன. வேறு சில, ஆசியா முழுவதும் பரவிய பெரிய அலகுக் காகத்தின் ஓர் உப இனமாக வைக்கின்றன. ஜன்னலில் இருக்கும் பறவைக்கே இந்த நிலை.

இங்கே என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இந்த அடுக்குப் படிகளுக்குக் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். பறவைகளில் ஒரு குடும்பமும் வண்டுகளில் ஒரு குடும்பமும் ஒரே அளவோ ஒரே வயதோ கொண்டவை அல்ல. எந்தக் கூட்டத்தைக் குடும்பம் என்று சொல்வது, எதை வருணம் என்று சொல்வது என்பது நிபுணர்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. எது எதற்குள் அடங்குகிறது என்பதுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது.

விஞ்ஞானப் பெயர் ஏன் வாயில் நுழையாத இலத்தீனில் இருக்க வேண்டும்?

கொழும்பில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் வேடிக்கை. மீன் சந்தையில் ஒரே மீனுக்குத் தமிழில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் நான்காவதாக ஒன்று சொல்வார். ஜப்பானில் இருப்பவரும் பிரேசிலில் இருப்பவரும் ஒரே மீனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எப்படி உறுதி செய்வது? யாருடைய தாய்மொழியும் அல்லாத ஒரு மொழி இதற்கு வசதியாகப் போயிற்று.

எழுதும் முறை பரீட்சையில் வரும்: முதலில் சாதிப் பெயர், பிறகு இனப் பெயர். ஆங்கில எழுத்தில் எழுதும்போது சாதியின் முதல் எழுத்து மட்டும் பெரியது, இனப் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து. அச்சில் சாய்வெழுத்து. கையால் எழுதினால் இரண்டு சொற்களுக்கும் தனித்தனியாக அடிக்கோடு.

லினேயசுக்கும் கொழும்புக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. நமது பாடப் புத்தகங்களில் இது இன்னும் பெரிதாக வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

1672இல் பவுல் ஹெர்மன் என்ற வைத்தியர் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி வேலையாக இலங்கைக்கு வந்தார். 1677 வரை இங்கே இருந்தார். மருத்துவம் பார்த்த நேரம் போக, கொழும்பைச் சுற்றிலும் கிடைத்த செடிகொடிகளைச் சேர்த்து, அழுத்தி உலர்த்தித் தாள்களில் ஒட்டி வைத்தார், சிலவற்றை வரைந்தும் வைத்தார். பிறகு ஊர் திரும்பி லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். 1695இல் காலமானார். அவர் கட்டிவைத்த தொகுதிகள் கைமாறிக் கைமாறி எங்கோ போய், கடைசியில் டென்மார்க்கில் குந்தர் என்ற மருந்துக்கடைக்காரரிடம் வந்து சேர்ந்தன. "இவை என்ன செடிகள்?" என்று கேட்டு அவர் அவற்றை சுவீடனில் இருந்த இயற்கையியலாளர் கார்ல் லினேயசுக்கு அனுப்பினார்.

லினேயஸ் இலங்கைக்கு வந்ததே இல்லை. ஆனால் அந்த உலர்ந்த செடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1747இல் 'புளோரா சைலானிகா' என்று இலங்கைத் தாவரங்களுக்கென ஒரு நூல் வெளியிட்டார். அப்போது இருசொற் பெயரீடு அவரிடம் வழக்கத்துக்கு வரவில்லை; ஒவ்வொரு செடிக்கும் ஒரு வரி நீள விவரணைதான் பெயர். ஆறு வருடம் கழித்து, 1753இல் 'ஸ்பீஷீஸ் பிளான்டாரம்' நூலில் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இரண்டு சொற்களில் பெயர் வைத்தபோது, ஹெர்மனின் செடிகளும் அதில் வந்தன. இன்றும் தாவரப் பெயரீட்டின் தொடக்கம் அந்த 1753தான். விலங்குகளுக்கு 1758, அதாவது அவருடைய 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாவது பதிப்பு. அதற்கு முன் வைத்த பெயர்கள் செல்லாது.

ஹெர்மனின் தொகுதிகள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. வெப்பமண்டலத் தாவரங்கள் பலவற்றின் பெயருக்கு இறுதிச் சான்று, முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கே யாரோ ஒருவருடைய வேலியோரத்தில் பறித்த கிளையாக இருக்கலாம்.

அப்படியென்றால் பெயர்கள் ஏன் அடிக்கடி மாறுகின்றன? படித்ததை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறதே.

கோபம் நியாயமானது. பெயர் மாறுவதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் கோபம் பாதி குறையும்.

ஒன்று சட்டக் காரணம். ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால், முறைப்படி முதலில் வெளியானது வெல்லும். கறுவாவை எடுங்கள், கறுவாத்தோட்டத்துக்கே பெயர் கொடுத்த மரம். லினேயஸ் 1753இல் அதை லோரஸ் சினமோமம் என்றார். பிறகு அதை லோரஸ் சாதியிலிருந்து பிரித்து சினமோமம் என்ற சாதியில் சேர்த்தார்கள். வழக்கப்படி பழைய இனப் பெயரைக் கொண்டுபோய் ஒட்டினால் சினமோமம் சினமோமம் என்று வரும். விலங்குகளில் அப்படி வரலாம். கோழியின் மூதாதையான காட்டுக்கோழிக்கு கல்லஸ் கல்லஸ் என்றே பெயர். தாவரங்களில் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே புதுப் பெயர் தேவைப்பட்டது. 1825இல் பிரெசல் என்பவர் சினமோமம் வேரம் என்றார். அடுத்த வருடம் புளூமே என்பவர் சினமோமம் சைலானிகம் என்றார். ஒரு வருட வித்தியாசத்தில் இலங்கையின் பெயர் தோற்றுப்போனது. பழைய புத்தகங்களிலும் வாசனைத் திரவியப் பெட்டிகளிலும் சைலானிகம் இன்னும் உயிரோடு இருக்கிறது; அது வேறு மரம் அல்ல.

மற்றது சான்றுக் காரணம். உறவைப் பற்றிய நமது விளக்கம் மாறும்போது பெயரும் மாற வேண்டிவரும். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். தெற்காசியாவின் சின்னஞ்சிறு நன்னீர் மீன்கள் பலவற்றை முன்பு புன்டியஸ் என்ற ஒரே சாதிக்குள் போட்டு வைத்திருந்தார்கள். ரொஹான் பெத்தியாகொட, மெத்திகா மீகஸ்கும்புர, கலன மதுவகே ஆகிய இலங்கை ஆய்வாளர்கள் 2012இல் அந்தக் கூட்டத்தை உடைத்து, பெத்தியா, டோக்கின்சியா போன்ற புதிய சாதிகளை உருவாக்கினார்கள். கடைக்காரர் இன்னும் பழைய பெயரைச் சொன்னால் அவரோடு சண்டை பிடிக்காதீர்கள், மீன் அதே மீன்தான்.

ஒரு பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்பதை யார் தீர்மானிப்பது?

விலங்குகளுக்கு ஒரு சர்வதேசச் சட்டக்கோவை, தாவரங்களுக்கும் பங்கசுக்களுக்கும் அல்காக்களுக்கும் இன்னொன்று. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு இனப் பெயரும் ஒரு மாதிரி உடலோடு கட்டப்பட்டிருக்கும். அதற்கு வகைமாதிரி என்று பெயர். நாளைக்குச் சந்தேகம் வந்தால் அந்த மாதிரியைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

யானையின் கதையைக் கேளுங்கள். ஆசிய யானைக்கு எலிஃபஸ் மக்சிமஸ் என்று 1758இல் லினேயஸ் பெயர் வைத்தபோது அவர் ஆதாரமாகக் கொண்டவற்றில் ஒன்று, சாராயத்தில் இட்டு வைத்த ஒரு யானைக் கரு. ஸ்டாக்ஹோமில் அது பத்திரமாக இருந்தது. 2013இல் வெளியான ஆய்வில் அதை நவீன முறைகளால் சோதித்தபோது, அது ஆபிரிக்க யானை என்று தெரியவந்தது! ஆசிய யானையின் பெயர் ஆபிரிக்க யானையின் தலையில் விழக்கூடிய நிலை. நல்ல காலமாக லினேயஸ் இன்னொரு யானையின் விவரணையையும் மேற்கோள் காட்டியிருந்தார். அந்த யானையின் எலும்புக்கூடு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருந்தது. டி.என்.ஏ. சோதனையில் அது ஆசிய யானைதான் என்று உறுதியாக, அதையே வகைமாதிரியாக அறிவித்தார்கள்.

அந்த எலும்புக்கூடு யாருடையது என்றால், ஹன்ஸ்கென் என்ற பெண் யானையுடையது. இலங்கையில் பிறந்து, குட்டியாக இருந்தபோதே ஒல்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்டு, ஐரோப்பா முழுக்க ஊர் ஊராக வித்தை காட்ட நடத்தப்பட்டு, 1655இல் புளோரன்சில் இறந்த யானை. ரெம்பிராண்ட் 1637இல் அதை வரைந்திருக்கிறார். ஆக, உலகின் எந்த ஆசிய யானையைப் பற்றி எழுதினாலும் அந்தப் பெயரின் அடியில் நிற்பது நம்மூர் யானைதான்.

இனம் என்றால் என்ன? தெளிவான வரைவிலக்கணம் சொல்லுங்கள்.

பரீட்சைக்கு ஏர்ன்ஸ்ட் மயர் 1942இல் கொடுத்ததைச் சொல்லுங்கள்: இயற்கையில் தமக்குள் இனப்பெருக்கம் செய்து வளமான சந்ததியைத் தரக்கூடிய, பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க ரீதியில் தனிமைப்பட்ட கூட்டம். குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கும், ஆனால் அது பொதுவாக மலடு. ஆகவே இரண்டும் வேறு இனம். தெருநாயும் கறுவாத்தோட்ட வீடுகளில் வளரும் விலை உயர்ந்த நாயும் பார்வைக்கு எவ்வளவு வேறாக இருந்தாலும் ஒரே இனம்.

பரீட்சைக்கு வெளியே இந்த வரைவிலக்கணம் சீக்கிரம் தள்ளாடும். பற்றீரியாக்கள் இணைசேர்வதில்லை, இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. டைனோசர் எதோடு எது சேர்ந்தது என்று போய்ப் பார்க்க முடியாது. தாவரங்கள் பல, வேறு இனத்தோடு கலந்தும் வளமான சந்ததியைத் தருகின்றன. அதனால் உடலமைப்பு, டி.என்.ஏ., வாழிடம், குரல் என்று பல சான்றுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இனத்துக்குக் கீழே உப இனம் இன்னும் வழுக்கலான இடம். இலங்கைச் சிறுத்தையை பன்தேரா பார்டஸ் கொட்டியா என்ற தனி உப இனமாக 1956இல் விவரித்தவர் பி. ஈ. பி. தெரணியகல, கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர்.

இராச்சியம் எத்தனை? அண்ணாவின் பழைய புத்தகத்தில் ஐந்து, என்னுடையதில் மூன்று பேரிராச்சியம். எது சரி?

இரண்டும் அந்தந்தக் காலத்தின் சரி. லினேயசுக்கு உயிர்களில் தாவரம், விலங்கு என்று இரண்டுதான். நுணுக்குக்காட்டியில் தெரிந்தவை இரண்டிலும் அடங்காததால் 1866இல் ஹெக்கல் புரட்டிஸ்டா என்று மூன்றாவதைச் சேர்த்தார். 1969இல் விட்டேக்கர் ஐந்தாக்கினார்: மொனெரா (பற்றீரியா போன்ற கருவற்ற கலங்கள்), புரட்டிஸ்டா, பங்கசு, தாவரம், விலங்கு. அண்ணா படித்தது அதைத்தான்.

அப்புறம் 1977இல் பெரிய திருப்பம். அமெரிக்காவில் கார்ல் வூஸ், ஜார்ஜ் பொக்ஸ் இருவரும் இறைபோசோமில் (கலத்துக்குள் புரதம் தயாரிக்கும் பகுதி) உள்ள ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டார்கள். பற்றீரியா என்று நினைத்துவைத்திருந்த சில நுண்ணங்கிகள், நமக்கும் பற்றீரியாவுக்கும் உள்ள தூரத்துக்கு ஈடான தூரத்தில் தனியாக நின்றன. அவைதான் ஆர்க்கியா. 1990இல் வூஸ், கண்ட்லர், வீலிஸ் மூவரும் பற்றீரியா, ஆர்க்கியா, இயூகரியா என்ற மூன்று பேரிராச்சியங்களை முன்வைத்தார்கள்.

புரட்டிஸ்டா இன்னும் புத்தகங்களில் இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால் அது ஒரு கூட்டமே அல்ல. விலங்கும் இல்லை, தாவரமும் இல்லை, பங்கசும் இல்லை என்று ஆனவற்றையெல்லாம் போட்டுவைத்த இடம். அதற்குள் இருக்கும் கபில அல்காவும் அமீபாவும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே இல்லை.

காளான் தாவரம்தானே?

இல்லை, அது பங்கசு. அம்மாவின் பார்வையில் அது மரக்கறி. உயிரியலின் பார்வையில் தாவரத்தைவிட விலங்குக்கு நெருக்கம். ஒளித்தொகுப்பு செய்யாது. கலச்சுவர் செலுலோசால் ஆனதல்ல, கைற்றினால் ஆனது, இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். உணவை மாப்பொருளாக அல்ல, நம் ஈரலைப்போலக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். டி.என்.ஏ. ஒப்பீடும் இதையே சொல்கிறது. விரதத்துக்குக் காளான் சமைக்கலாமா என்று கேட்டால் அது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியது.

வைரஸ் எந்த இராச்சியம்?

இந்த அடுக்கில் எதிலும் இல்லை. கலம் கிடையாது, தானாகப் பெருக முடியாது. வைரஸ்களுக்கென்று தனிச் சர்வதேசக் குழுவும் தனிப் பாகுபாடும் உண்டு.

கபரகொயா என்ற நீர் உடும்பும் முதலையும் ஒரே சாடை. அவை இரண்டும்தானே நெருங்கிய சொந்தம்?

வெள்ளவத்தைக் கால்வாயிலும் பேரே வாவியிலும் கபரகொயாவைக் கண்டு முதலை என்று கத்தியவர்கள் உண்டு. செதில், நீண்ட வால், நாலு கால், தண்ணீர். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் முதலைக்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய சொந்தம் கபரகொயா அல்ல, பறவைகள். கால்வாய்க் கரையில் நிற்கும் கொக்கு, முதலைக்குப் பக்கத்துச் சொந்தம். கபரகொயா இருவருக்கும் தூரத்துச் சொந்தம்.

எப்படி? முதலைகளின் கிளையும், டைனோசர்கள் வழியாகப் பறவைகளுக்கு வந்த கிளையும் ஒரே மூதாதையிலிருந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. பல்லி, உடும்பு, பாம்பு ஆகியவற்றின் கிளை அதற்கும் முன்பே பிரிந்துபோய்விட்டது. முதலையின் இதயத்தைத் திறந்தால் பறவைக்கும் நமக்கும் உள்ளதுபோல முழுதாகப் பிரிந்த நான்கு அறைகள். உடும்புக்கு அப்படி இல்லை. முதலை கூடு கட்டி முட்டையைக் காக்கும், குஞ்சின் குரல் கேட்டு மண்ணைத் தோண்டி உதவும். செதிலும் வாலும் பழைய மூதாதையிடமிருந்து எல்லோருக்கும் வந்த சொத்து. அதை வைத்து யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்ல முடியாது. ஜெர்மன் பூச்சியியலாளர் வில்லி ஹெனிக் 1950இல் அழுத்திச் சொன்னது இதைத்தான்: உறவைக் காட்டுவது புதிதாகத் தோன்றி, பங்கிட்டுக்கொள்ளப்பட்ட இயல்புகள் மட்டுமே.

இப்போது சிக்கல் தெரிகிறதா? முதலையையும் பல்லியையும் ஆமையையும் "ஊர்வன" என்று ஒரு வகுப்பில் வைத்து, பறவையை வெளியே நிறுத்தினால், ஒரு தாயின் பிள்ளைகளில் ஒருவரை மட்டும் குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது மாதிரி. ஹெனிக்கின் வழியில் போகிறவர்கள் பறவைகளை ஊர்வனவுக்குள்ளேயே சேர்க்கிறார்கள். பாடநூல்கள் பல இன்னும் பிரித்தே வைத்திருக்கின்றன. ஆசிரியர் கேட்டால் வகுப்பு ஏவ்ஸ், அதாவது பறவைகள், என்று எழுதுங்கள், ஆனால் கொக்கைப் பார்க்கும்போது வேறு மாதிரிப் பாருங்கள்.

கபரகொயாவுக்கும் ஒரு பெருமை உண்டு. வரானஸ் சல்வேட்டர் என்ற நீர் உடும்பு தென்கிழக்காசியா வரை பரவியிருக்கிறது. அதன் முதல் உப இனமான வரானஸ் சல்வேட்டர் சல்வேட்டர் என்பது இலங்கையில் உள்ளதைத்தான் குறிக்கும். தமிழில் உடும்பு என்று வழமையாகச் சொல்லும் தரை உடும்பு, சிங்களத்தில் தலகொயா, அதே சாதியின் வேறு இனம்.

திமிங்கிலம் மீனா? வௌவால் பறவையா?

இரண்டும் முலையூட்டிகள். லினேயஸ்கூட 1758இல்தான் திமிங்கிலத்தை மீன்களிலிருந்து வெளியே எடுத்தார். அதன் நெருங்கிய உறவு நீர்யானை.

மீன் சந்தையில் இருப்பதெல்லாம் மீன் என்ற ஒரே கூட்டமா?

மீன் சந்தையைப்போல நல்ல ஆய்வுகூடம் கொழும்பில் வேறில்லை என்பேன். ஒரு சனிக்கிழமை காலை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், சப்பாத்து மட்டும் நல்லதாகப் போட வேண்டாம்.

சுறாவையும் திருக்கையையும் தொட்டுப் பாருங்கள்: எலும்பு இல்லை, கசியிழையம்தான் (குருத்தெலும்பு). பக்கத்தில் இருக்கும் பாரைக்கு எலும்பு உண்டு, செவுளுக்கு மூடி உண்டு. பாரையும் சுறாவும் இரண்டும் மீன்தானே என்று தோன்றும். ஆனால் பாரை, சுறாவைவிட உங்களுக்குத்தான் நெருக்கம். சுறாக்களின் கிளை பிரிந்துபோன பிறகு, எலும்புள்ள மீன்களின் கிளையிலிருந்துதான் நாலுகால் விலங்குகள் எல்லாம் வந்தன. ஆகவே "மீன்" என்பது சமையலுக்கு நல்ல சொல், உறவுமுறைக்கு உதவாது.

கணவாய் மீனே அல்ல. நத்தை, சிப்பி, மட்டி ஆகியவற்றின் மொலஸ்கா கணம். இறாலும் நண்டும் ஆத்திரபோடா, பூச்சியும் சிலந்தியும் இருக்கும் மூட்டுக்காலிகளின் கணம். அதற்குள் போனால், பூச்சிகள் இறாலும் நண்டும் அடங்கிய கிரஸ்டேசியாக்களின் கூட்டத்துக்குள்ளிருந்தே கிளைத்தவை என்று டி.என்.ஏ. காட்டுகிறது. இறாலுக்குச் சிலந்தியைவிடக் கரப்பான் பூச்சி நெருக்கம். சாப்பிடும்போது இதைச் சொல்லி வீட்டில் பேச்சு வாங்கினால் நான் பொறுப்பல்ல.

தமிழர்களிடம் பழைய காலத்தில் இப்படி ஒரு பாகுபாடு இருந்ததா?

இருந்தது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அவற்றின் அறிவுப் புலன்களின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. எனக்குப் பிடித்தது அதே இடத்தில் தாவரங்களைப் பிரிக்கும் விதம். வெளிப்புறம் வைரமாக இருப்பவை புல், உட்புறம் வைரமாக இருப்பவை மரம். பனையையும் தென்னையையும் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வைரம் வெளியேதான். ஆகவே அவை புல் பக்கம் போகின்றன. நவீனத் தாவரவியலிலும் தென்னை, பனை, மூங்கில், நெல் எல்லாம் ஒருவித்திலைத் தாவரங்கள். பலாவும் மாவும் வேறு பக்கம்.

இதை வைத்துக்கொண்டு "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" என்று கிளம்புவது எனக்கு ஒப்பில்லை. தொல்காப்பியம் கூர்ப்பு உறவைப் பேசவில்லை. கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள், அந்தப் பார்வைக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பு தனி.

டி.என்.ஏ. வந்த பிறகு நூதனசாலை மாதிரிகளுக்கு என்ன வேலை?

வேலை கூடித்தான் இருக்கிறது. டி.என்.ஏ. வரிசையை ஒப்பிட, அது யாருடைய டி.என்.ஏ. என்று தெரிய வேண்டுமே. கனடாவில் பவுல் ஹெபர்ட் குழுவினர் 2003இல் விலங்குகளுக்கு ஒரு வழி சொன்னார்கள்: இழைமணியில் (கலத்துக்குச் சக்தி தரும் பகுதி) உள்ள ஒரு குறிப்பிட்ட பரம்பரையலகின் ஏறத்தாழ 650 எழுத்து நீளத் துண்டை வாசித்தால், கடைப் பொருளின் கோட்டுக் குறியைப்போல அது இனத்தைச் சொல்லிவிடும். தோலுரித்த மீன் துண்டு எந்த மீன் என்று கண்டுபிடிக்க இது பயன்படுகிறது. ஆனால் ஒப்பிடுவதற்கான பட்டியல், சரியாக அடையாளம் கண்ட மாதிரிகளிலிருந்துதான் வர வேண்டும். தாவரங்களுக்கு அந்தத் துண்டு சரிவராது, வேறு துண்டுகளை வாசிக்கிறார்கள்.

இலங்கையில் இன்னும் புது இனங்கள் கிடைக்குமா? எல்லாம் கண்டுபிடித்தாயிற்றல்லவா?

எங்கே! 2002இல் மீகஸ்கும்புரவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சின்னத் தீவில் மரத்தவளைகள் மட்டும் நூறு இனங்களுக்கு மேல் இருக்கலாம் என்றது. உடலமைப்பு, குரல், டி.என்.ஏ. மூன்றையும் சேர்த்துப் பார்த்ததன் பலன். அதற்குமுன் ஒரே மாதிரி என்று ஒதுக்கியிருந்த தவளைகள் பல, தனித்தனி இனங்களாகப் பிரிந்தன.

பறவைகளிலேயே ஒன்று ஒளிந்திருந்தது. தீபால் வரகாகொட 1995இல் மழைக்காட்டில் அடையாளம் தெரியாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். பறவையைக் கண்ணால் கண்டது 2001இல். 2004இல் அவரும் பமேலா ரஸ்முசனும் அதை ஓட்டஸ் திலோஹொஃப்மானி என்று முறைப்படி விவரித்தார்கள். இங்கே வாழ்ந்து சிங்கராஜ வனத்துக்காகப் போராடிய சுவிஸ்காரரான திலோ ஹொஃப்மனின் நினைவாக அந்தப் பெயர். உலக அளவில் 2011இல் வெளியான ஒரு மதிப்பீடு, கருவுள்ள கலங்களைக் கொண்ட உயிர்கள் சுமார் 8.7 மில்லியன் இனங்கள் இருக்கும் என்றது. பெயர் வைத்து முடிந்தது அதில் சிறு பகுதிதான்.

கொழும்பில் இதையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

கொழும்பு 7இல், 1877இல் திறந்த தேசிய நூதனசாலைக்கு அருகிலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை இருக்கிறது. உயிரோடு பார்க்க தெஹிவளை மிருகக்காட்சிசாலை. என்னைக் கேட்டால் அதைவிடப் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கும் தியசரு பூங்காவுக்கும் விடியற்காலையில் போவது மேல். 2018இல், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலில் வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அங்கே கபரகொயா, கொக்கு, தும்பி, தவளை எல்லாம் கூண்டு இல்லாமல் கிடைக்கும்.

பெயர் தெரியாத ஒன்றைக் கண்டால் என்ன செய்வது?

முதலில் படம் எடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், முடிந்தால் தலைக்குக் கிட்ட. இடத்தையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். குரல் கேட்டால் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு இணைக்கவர்ச் சுட்டியை (ஒவ்வொரு படியிலும் இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து இறங்கும் அட்டவணை) எடுத்து, கால் எத்தனை, இறகு உண்டா, உணர்கொம்பு உண்டா என்று ஒவ்வொரு கேள்வியாக இறங்குங்கள். வருணம் வரை வந்தால் போதும், அதற்குக் கீழே பெரும்பாலும் நிபுணர் வேண்டும். போன் செயலி சொல்லும் பெயரை முடிவாக எடுக்க வேண்டாம். குறிப்பாகத் தும்பிகளிலும் தவளைகளிலும் அது தாராளமாகப் பிழை விடும்.

பிடித்துப் போத்தலில் போடுவது மட்டும் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட இனங்களைப் பிடிக்கவோ ஆய்வுக்கு மாதிரி சேர்க்கவோ வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. பாடசாலைச் செயற்றிட்டம் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள்.